இதயம் வலப்பக்கம் என்றால் முதலில் சளியை விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் குமரி மாவட்டப் பக்கத்தில், இதயம் வலப்பக்கம் இருக்கும் ஒரு பள்ளி மாணவனைப் பற்றி நாலு பத்திச் செய்தி வந்திருந்தது. இயற்கையின் விந்தை, பெற்றோர் திகைப்பு, அக்கம்பக்கத்தார் வியப்பு என்று வழக்கமான எல்லாம் இருந்தன. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: பையனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சளித் தொல்லை தீரவில்லை என்று அம்மா சொன்னாராம். ஐயா, அந்த வரிதான் செய்தி. மேலே இருந்த மூன்றே முக்கால் பத்தியும் அலங்காரம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். டாக்டர் இல்லை. ஆனால் இப்படி ஒரு நெஞ்சுப் படம் வந்தால் முதலில் எல்லோரும் சந்தேகப்படுவது என்னைத்தான். "என்னப்பா, படத்தைத் திருப்பிப் போட்டுட்டியா?" என்று போன் வரும். டிஜிட்டல் வந்த பிறகு இது இன்னும் மோசம், ஒரு பட்டனைத் தட்டினால் போதும், இடம் வலமாகிவிடும். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கும்போதே இடம் எது வலம் எது என்று காட்டும், ஈயத்தில் செய்த எழுத்தை, நாங்கள் மார்க்கர் என்போம், உடம்புக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கிறோம். மார்க்கர் சரியாக இருக்கிறது, படம் திரும்பவில்லை என்று தெரிந்ததும் அடுத்து நான் பார்ப்பது இதயத்தை இல்லை, வயிற்றை. இரைப்பையின் மேல்பகுதியில் எப்போதும் கொஞ்சம் காற்று நிற்கும். அது வழக்கமாக இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புக் குமிழாகத் தெரியும். அந்தக் குமிழும் வலப்பக்கம் போய், கல்லீரலின் வெள்ளை நிழல் இடப்பக்கம் வந்திருந்தால், உள்ளே இருக்கிற மொத்தமும் இடவலம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சைட்டஸ் இன்வெர்சஸ் என்பார்கள். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும், பலருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வராது. இதயம் மட்டும் வலப்பக்கம் போய், குமிழ் இடப்பக்கமே நின்றால்தான் டாக்டர் முகம் மாறும். பாதி மாறி பாதி மாறாத உடம்பில், இதயத்துக்குள்ளேயே குழாய்கள் தவறாக இணைந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு டீக்கடையில் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மைக்காரி கிரகணத்துல வெளிய வந்திருப்பா மக்கா, வேற ஒண்ணும் இல்ல." இந்தப் பேச்சு அந்த வீட்டுக்கும் போயிருக்கும், அந்தத் தாயின் காதிலும் விழுந்திருக்கும். சரி, கணக்குப் பார்ப்போம். எது இடம் எது வலம் என்பது கருவில் முடிவாவது கருத்தரித்த மூன்றாவது வாரத்தில். நாலாவது வாரம் இதயக் குழாய் வளையத் தொடங்கும்போது எந்தப் பக்கம் வளையவேண்டும் என்ற முடிவு முன்னாலேயே வந்துவிட்டிருக்கும். அந்த நேரத்தில் நாள் தள்ளிப்போனதே பாதிப் பேருக்கு உறைத்திருக்காது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ கிரகணத்தன்று கதவைச் சாத்தி உட்கார்ந்தாலும், முற்றத்தில் நின்று நிலாவைப் பார்த்தாலும், இதயம் இருக்கிற இடத்தை விட்டு ஒரு இம்மி நகராது.

அப்புறம் எது முடிவு பண்ணுகிறது? இங்கேதான் சளி வருகிறது.

வலப்பக்க இதயம், மூக்கடைப்பும் சைனஸும், நுரையீரலில் சளி தேங்கிக் குழாய்கள் வீங்குவது, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை 1904-லேயே சீவர்ட் என்ற டாக்டர் எழுதிவைத்தார். 1933-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ட்டகெனர் இன்னும் சில நோயாளிகளை வைத்து விரிவாக எழுதினார், நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் மூக்குச் சளிக்கும் இதயம் இருக்கிற பக்கத்துக்கும் என்ன உறவு என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1976-இல் ஸ்வீடனில் அஃப்சீலியஸ் என்ற விஞ்ஞானி முடிச்சை அவிழ்த்தார், அதுவும் மூன்றாவதாக ஒரு பக்கத்திலிருந்து. குழந்தையில்லாத ஆண்கள் சிலரின் விந்தணுக்கள் உயிரோடு இருந்தும் நீந்தவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வால் பகுதியைப் பார்த்தார், அதை அசைக்க வேண்டிய டைனீன் என்ற புரதக் கைகள் இல்லை. அந்த ஆட்களுக்கே மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற சிலியா என்ற மெல்லிய இழைகளிலும் அந்தக் கைகள் இல்லை, ஆயுசு முழுக்கச் சளி. சிலருக்கு இதயமும் வலப்பக்கம். கருவில் ஏதோ ஓரிடத்தில் சிலியா அடிப்பதால்தான் இதயம் இடப்பக்கம் போகிறது, அடிக்காவிட்டால் குருட்டாம்போக்கில் எந்தப் பக்கமும் போகலாம் என்று அவர் ஊகித்தார். கருவில் அப்படி ஓர் இடத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஊகம்தான். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் ரொம்பப் பிடித்தது இந்த ஊகம்தான்.

சிலியா என்பதைப் பள்ளிப் பாடத்தில் குறு இழை என்று படித்திருப்பீர்கள், பாரமீசியம் படத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடாக வரைவோமே, அதேதான். நம் உடம்பிலும் அது ஏராளம். செல்லின் மேல்பரப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை, நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. உள்ளே ஒன்பது ஜோடி நுண்குழல்கள் வட்டமாக நிற்கும், அடிக்கிற வகையில் பெரும்பாலும் நடுவிலும் இரண்டு குழல் உண்டு. அடியில் அடித்தளத் துகள் என்று ஒன்று செல்லுக்குள் ஊன்றியிருக்கும். மூச்சுக்குழாயின் ஒரு செல்லில் சுமார் 200 சிலியா, ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் ஏற்றிக்கொண்டே இருக்கும். நாமும் தெரியாமலே விழுங்கிக்கொண்டே இருப்போம். அது நின்றால் சளி தேங்கும், இருமித்தான் வெளியே தள்ள வேண்டும். பிறந்த நாளிலிருந்து.

கருவில் அந்த இடத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது ஜப்பான்காரர்கள். 1998-இல் டோக்கியோவில் ஹிரோகாவாவின் குழுவில் நொனாகா என்பவரும் மற்றவர்களும் எட்டு நாள்கூட நிரம்பாத எலிக் கருவைப் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் குழி, நோடு என்று பெயர், அதில் சில நூறு செல்கள், ஒரு செல்லுக்கு ஒரே ஒரு சிலியா. அவை முன்னும் பின்னும் அடிக்காமல் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன, குழியில் இருந்த திரவம் மொத்தமும் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சிலியா முளைக்கவே விடாத மாதிரி மரபணுவை நீக்கிய எலிகளில் ஓட்டம் இல்லை, இதயமும் இரண்டு பக்கமும் கலந்து வந்தது. 2002-இல் நொனாகாவும் ஹமாடாவும் இன்னொரு வேலை செய்தார்கள். எலிக் கருவின் மேல் செயற்கையாகத் திரவத்தை வலப்பக்கமாக ஓடவிட்டார்கள். உறுப்புகள் பக்கம் மாறின. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. 2012-இல் இரண்டே இரண்டு சிலியா சுழன்றால்கூடப் பக்கம் சரியாக முடிவாகிவிடும் என்றும் காட்டினார்கள். அவ்வளவு சின்ன ஓட்டம், அதை நம்பி அவ்வளவு பெரிய முடிவு.

இப்போது யோசியுங்கள். வட்டமாகச் சுழல்கிற ஒன்று திரவத்தையும் வட்டமாகத்தானே சுழற்றும், எப்படி ஒரு பக்கமாகத் தள்ளும்? சிலியா நேராக நிமிர்ந்து நின்றால் அப்படித்தான், சும்மா சுழித்துக்கொண்டிருக்கும். ஆனால் நோடில் உள்ள சிலியா கருவின் வால் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த ஒன்று சுழலும்போது பாதிச் சுற்றில் பரப்பை விட்டு எழும்பி வரும், மறு பாதியில் பரப்பை ஒட்டித் தவழ்ந்து வரும். எழும்பி வரும்போது திரவம் தாராளமாக நகரும், ஒட்டி வரும்போது பரப்பே திரவத்தைப் பிடித்துக்கொள்ளும், நகராது. வயிற்றுப் பக்கத்திலிருந்து பார்த்தால் சுழற்சி கடிகார முள் போகிற திசையில். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தலை மேலே, வால் கீழே, கரு உங்களைப் பார்த்துப் படுத்திருக்கிறது, அதனால் அதன் இடப்பக்கம் உங்கள் வலது கைப்பக்கம். சிலியா கீழே சாய்ந்திருக்கிறது. எழும்பி வருகிற பாதி மேலே, அங்கே முள் உங்கள் வலது கைப்பக்கமாகப் போகும், அதாவது கருவின் இடப்பக்கமாக. முடிந்தது. எது முன், எது பின் என்பதும், எது முதுகு, எது வயிறு என்பதும் கருவுக்கு முன்பே தெரியும். சுழற்சி எந்தப் பக்கம் என்பது சிலியாவுக்குள் டைனீன் கைகள் அடுக்கியிருக்கிற விதத்திலேயே இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் இடம் என்று ஒன்று புதிதாகப் பிறக்கிறது.

அப்படியானால் எல்லாம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. சாய்வு எங்கிருந்து வந்தது? சிலியா செல்லின் நட்டநடுவில் முளைக்கவில்லை, வால் பக்கம் ஒதுங்கி முளைத்திருக்கிறது. செல்லின் மேல்பரப்பு கொஞ்சம் குவிந்தது, ஓரத்தில் ஊன்றினால் தானாகச் சாயும். முதலில் அடித்தளத் துகள் நடுவில்தான் இருக்கும், மெள்ள மெள்ளப் பின்பக்கம் நகரும். ஒரு செல் அப்படி நகர்த்தினால் போதாது, பக்கத்தில் இருக்கிற எல்லாச் செல்லும் அதே பக்கம் நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம் வால் என்று ஒவ்வொரு செல்லுக்கும் யார் சொன்னது?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஆடி மாதம் போயிருக்கிறீர்களா? ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனையும் மேற்கே பார்த்து நிற்கும். யாரும் ஒவ்வொன்றாகப் போய்த் திருப்பிவைக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் காற்றுத் திசைகாட்டி இருக்கிறது, கணவாய் வழியாகக் காற்று வருகிறது, அது பார்த்து இது திரும்புகிறது. பக்கத்துக் காற்றாலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இதற்குத் தெரியவே வேண்டாம். செல்களின் கதை இதற்கு நேர் எதிர். காற்றே இன்னும் வீசத் தொடங்கவில்லை, காற்றை உண்டாக்கப் போவதே இவைதான். பார்த்துத் திரும்ப ஒன்றும் இல்லாத நேரத்தில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியாக வேண்டும், அதற்கு ஒரே வழி பக்கத்துச் செல்லிடம் கேட்பது.

அப்படிக் கேட்டுத் திரும்புகிற ஏற்பாட்டுக்குத்தான் ப்ளேனார் செல் போலாரிட்டி என்று பெயர். ஒரே தளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் செல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பது. இதைப் பூச்சிகளில்தான் முதலில் பிடித்தார்கள். பழ ஈயின் சிறகில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மயிர் உண்டு, எல்லாம் சிறகு நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். சில ஈக்களில் அவை சுழி சுழியாகப் போயிருந்தன. 1982-இல் கப், கார்சியா பெயிடோ என்ற இருவர் இந்த ஈக்களின் மரபணுக்களை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்று அந்தக் குழுவின் பெயர்கள் எல்லாம் தெரியும்: ஃபிரிசில்டு, டிஷெவெல்டு, வான்கோ, ப்ரிக்கிள், ஃபிளமிங்கோ, டியேகோ. ஒரு செல்லின் ஒரு பக்கச் சுவரில், அதாவது செல் சவ்வில், ஃபிரிசில்டும் டிஷெவெல்டும் சேரும், எதிர்ப்பக்கச் சுவரில் வான்கோவும் ப்ரிக்கிளும். இரண்டு செல்கள் ஒட்டுகிற எல்லையில் என் சுவரில் ஃபிரிசில்டு இருந்தால் உன் சுவரில் வான்கோ இருந்தாக வேண்டும், ஃபிளமிங்கோ இரண்டு பக்கமும் நின்று பிடித்துக்கொள்ளும். ஒரே செல்லுக்குள் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று விரட்டும், அடுத்தடுத்த செல்லில் ஒன்றை ஒன்று இழுக்கும். இப்படி ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி, மெலிதாக இருந்த சாய்மானம் தெளிவான திசையாகிவிடும். நடுவில் ஒரு சின்னக் கூட்டம் செல்களில் மட்டும் ஃபிரிசில்டைக் கெடுத்துவிட்டால், கெடுக்காத பக்கத்துச் செல்களின் மயிரும் திரும்பிக்கொள்ளும். ஒரு செல்லின் கோளாறு அதோடு நிற்பதில்லை.

எலியிலும் மனிதரிலும் இதே குடும்பம்தான். நோடுச் செல்லில் தலைப் பக்கச் சுவரில் வாங்கல் (ஈயின் வான்கோவுக்கு இங்கே இந்தப் பெயர்), ப்ரிக்கிள். வால் பக்கச் சுவரில் டிஷெவெல்டு, அதை ஒட்டியே சிலியாவின் அடித்தளத் துகள். 2010-இல் எலியிலும் ஜீப்ரா ஃபிஷ் என்கிற வரிமீனிலும் ஒரே சமயத்தில் இது உறுதியானது. வாங்கல் 1, வாங்கல் 2 இரண்டையும் நீக்கிய எலிகளில் சிலியா இருக்கிறது, நன்றாகச் சுழலவும் செய்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் செல்லின் ஒவ்வொரு இடத்தில். ஓட்டம் கெட்டு, இடவலமும் கெட்டுவிட்டது. கவனியுங்கள், சிலியாவில் ஒரு பழுதும் இல்லை, திசைதான் போயிற்று. முதன்முதலில் அந்த மெலிதான சாய்மானம் வருவது, வால் பக்கத்தில் அதிகமாகச் சுரக்கும் வின்ட்-5 வகைப் புரதமும், தலைப் பக்கத்தில் அதைத் தடுக்கும் புரதங்களும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்ற இறக்கத்திலிருந்து என்று 2017-இல் ஹமாடாவின் குழு காட்டியது.

இதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. சிலியா திசையைக் கேட்டு நடக்கிற வேலைக்காரனா, அல்லது திசை சொல்கிற மேஸ்திரியா? 2005-இல் பார்டெட்-பீடல் என்ற சிலியா நோயின் புரதங்களைக் கெடுத்த எலிகளைப் பார்த்தபோது, உள்காதில் செல்களின் திசை தாறுமாறாக இருந்தது. அப்போது சிலியாதான் திசையையே ஆள்கிறது என்று பேச்சு கிளம்பியது. எனக்கு அது அவ்வளவு தூரம் ஒப்பவில்லை. ஈயின் சிறகுச் செல்களில் சிலியாவே கிடையாது, இருந்தும் அந்த மயிர்கள் ஒழுங்காகப் படிகின்றன. வரிமீனில் சிலியாவை அடியோடு எடுத்துவிட்டுப் பார்த்ததிலும் திசைச் செய்தியின் மற்ற வேலைகள் நடந்தன. உள்காதுக்கே வருவோம். அங்கே ஒலியை வாங்கும் செல்களின் மேல் நுண்ணிழைக் கொத்து ஆங்கில வி எழுத்து வடிவில் நிற்கும். வளர்கிற காலத்தில் அந்த வி-யின் முனையில் கைனோசிலியா என்று ஒரு சிலியா இருக்கும், முதலில் அது ஓரத்துக்கு நகர்ந்து போகும், கொத்து அதன் பின்னால் ஒழுங்காகும். 2008-இல் சிலியா முளைக்காத எலிகளில் பார்த்தபோது கொத்துகள் தப்பாகத் திரும்பியிருந்தன. ஆனால் செல் சுவர்களில் வாங்கலும் ஃபிரிசில்டும் இருக்கவேண்டிய பக்கத்திலேயே இருந்தன. அப்படியானால் பக்கத்துச் செல்லிலிருந்து செய்தி சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, அதை வாங்கி உள்ளே வேலையாக்க வேண்டிய சிலியாதான் இல்லை. என் கணக்கில் சிலியா பெரும்பாலும் செய்தியை வாங்குகிற இடம், செய்தி புறப்படும் இடம் இல்லை.

பெரும்பாலும் என்று சும்மா போடவில்லை. தவளைத் தலைப்பிரட்டைக் கருவின் தோலில் சிலியா நிறைய உண்டு. முதலில் திசுவிலிருந்து தோராயமாக ஒரு திசை கிடைக்கும், சிலியா அடிக்கத் தொடங்கியதும் உண்டாகும் ஓட்டமே திரும்ப அந்தச் சிலியாவை இன்னும் நேராக்கும் என்று 2007-இல் கண்டார்கள். எலியின் மூளை அறைகளிலும் 2010-இல் ஓட்டமும் திசைப் புரதமும் கைகோத்து வேலை செய்வதைப் பார்த்தார்கள். முப்பந்தல் உவமையை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது போலிருக்கிறது. காற்றை உண்டாக்கியபின் இவையும் காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்கின்றன.

எல்லா உயிருக்கும் இதே வழிதான் என்றும் எழுதிவிடாதீர்கள். கோழிக் கருவில் இந்தச் சுழலும் சிலியாவின் ஓட்டம் கிடையாது, அங்கே செல்களே இடப்பக்கம் நகர்ந்து முடிவு செய்துகொள்கின்றன. கோழிக்கும் இதயம் இருக்கவேண்டிய பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, நம் வேலைக்கு வருவோம். சிலியா சரியாக அசையாத பிறவிக் கோளாறு (பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா என்பார்கள்) உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உறுப்புகள் முழுசாக இடவலம் மாறியிருக்கும். ஓட்டம் இல்லாததால் காசைச் சுண்டிவிட்டதுபோல், தலையோ பூவோ. அப்படியானால் மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு இதயம் நல்ல பிள்ளையாக இடப்பக்கமே இருக்கும், எக்ஸ்ரேயில் நான் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டேன். இன்னொன்று, நோடில் உள்ள சிலியாவுக்கு நடுக்குழல் இரண்டும் கிடையாது. அதனால் நடுக்குழல் மட்டும் கெடுகிற வகைக் கோளாறில் மூச்சுக்குழாய் பழுதாகும், இதயம் பக்கம் மாறவே மாறாது. இதயம் சரியாக இருக்கிறது, எனவே சிலியா நோய் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுபக்கமும் உண்டு, இதயம் வலப்பக்கம் உள்ள எல்லோருக்கும் சிலியா கெட்டிருக்காது, நாலைந்து பேரில் ஒருவருக்குத்தான்.

அந்த ஒருவரைப் பிரித்தெடுக்கப் பெரிய மெஷின் வேண்டாம், நாலு கேள்வி போதும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குப் பிறந்த முதல் நாளே மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைத்தார்களா? கைக்குழந்தையிலிருந்தே வெயில் மழை என்று பாராமல் வருஷம் முழுக்கச் சளி இருமலா? மூக்கும் அப்படியே ஒழுகிக்கொண்டோ அடைத்துக்கொண்டோ இருக்கிறதா? காதில் அடிக்கடி நீர் கோத்தோ சீழ் வந்தோ கேட்பது குறைந்திருக்கிறதா? வலப்பக்க இதயத்தோடு இதில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே நெஞ்சக நோய் டாக்டரிடம் போக வேண்டும். மூக்குக் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு அளந்தால் மிகக் குறைவாக இருக்கும், மூக்கின் உள்ளே துளி செல்லைச் சுரண்டி எடுத்து அசைவை வேகக் கேமராவில் பார்க்கலாம், மரபணுச் சோதனையும் உண்டு, 50-க்கு மேற்பட்ட மரபணுக்கள் இதுவரை தெரிந்திருக்கின்றன. எல்லா ஊரிலும் இவை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்து போகலாமே. தீராத இருமலோடு வந்தால் முதலில் டிபி இருக்குமோ என்று பார்ப்பது சரியான முறைதான், பார்க்கத்தான் வேண்டும். சளிப் பரிசோதனையில் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று வந்தும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் படங்களைத்தான் நான் சொல்கிறேன். நுரையீரலின் நடுமடலில் குழாய்கள் தடித்து, விரிந்து, வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிக்கொண்டே போகும். உறுப்பு மாறியவர்களுக்கு அந்த நடுமடலும் இடப்பக்கம் இருக்கும், தெரியாதவர் தேடுகிற இடத்தில் இருக்காது.

அடியோடு குணப்படுத்த மருந்து இன்னும் இல்லை. ஆனால் சளியைத் தினமும் வெளியே எடுக்கிற பயிற்சியைச் சின்ன வயதிலேயே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு, தொற்று வந்ததும் தாமதிக்காமல் மருந்து எடுத்து, தடுப்பூசிகளை விடாமல் போட்டு, வீட்டில் பீடி சிகரெட் புகை இல்லாமல் பார்த்துக்கொண்டால் நுரையீரலைப் பல வருஷம் காப்பாற்றலாம். காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், வகுப்பில் கவனிக்காத பிள்ளை என்று வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும், உண்மையில் கேட்டிருக்காது. இந்த நோய் பெரும்பாலும் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வந்து சேரும்போது வருகிறது. எனவே மாமன் மகள், அத்தை மகன் என்று முறையில் கட்டிய குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அடுத்த குழந்தைக்கு முன் ஆலோசனை கேட்க அந்தக் குடும்பத்துக்கு உரிமை உண்டு, அதற்கு முதலில் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு துணைச் செய்தியாக, இந்தத் திசை மரபணுக்கள் அடியோடு கெட்டால் எலிக் கருவில் முதுகுத்தண்டின் குழாயே மூடாது, மனிதரில் முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த சிலரிடமும் வாங்கல் மரபணுவில் மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் குழாய் மூட வேண்டிய கெடு கருத்தரித்து 28 நாள். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கும் முன்பே தொடங்கினால் இந்தக் குறை வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். இதயம் இருக்கிற பக்கத்தை அது மாற்றாது, ஆனால் நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரை தேடினால் பாதி நேரம் கடந்துவிட்டிருக்கும் என்பதற்காகச் சொன்னேன். கிரகணத்துக்குப் பயப்படுகிற அக்கறையில் கொஞ்சத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

உறுப்பு மாறியவர் ஆரோக்கியமாகவே இருந்தாலும், பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. குடல்வால் வீக்கம் வந்தால் அவருக்கு வலி இடப்பக்கம் வரும், பித்தப்பை வலியும் இடப்பக்கம். நெஞ்சுவலி என்று போனால் ஈசிஜி ஒயர்களை மாற்றி ஒட்டினால்தான் கோடு சரியாக வரும். இரவு இரண்டு மணிக்குப் புதிதாகப் பார்க்கிற டியூட்டி டாக்டருக்கு அந்தச் சீட்டு பெரிய உபகாரம்.

கடைசியாக உங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். செய்தியோடு போட்ட எக்ஸ்ரே படத்தில் மேல் ஓரத்தை வெட்டிவிட்டீர்கள், மார்க்கர் எழுத்து அதில்தான் இருந்திருக்கும். அது இல்லாவிட்டால் உறுப்புகள் மொத்தமும் இடவலம் மாறியவரின் படத்துக்கும், சாதாரண ஆளின் படத்தைத் திருப்பிப் போட்டதற்கும் என்னாலேயே வித்தியாசம் சொல்ல முடியாது. அடுத்த முறை நோயாளியின் பெயரையும் எண்ணையும் மட்டும் மறைத்துவிட்டு, அந்த எழுத்தை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்